ஹாட்சிடம் யாரும் கேட்கவில்லை

எங்கள் வென்டலுக்கும் ஒரு காலத்தில் சம்பளம் வாங்கி விளையாடும் பேஸ்பால் குழு இருந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒஹாயோவில், கால்வாய்க் கரையில், ஒரு மாவு மில்லும் சில தேவாலயங்களும் அவற்றைவிட அதிகமாகச் சாராயக் கடைகளும் உள்ள ஊரில் அப்படியொரு குழுவா என்கிறார்கள். இருந்தது. ஆப்பிள் மரம் பூக்கும்போது ஆரம்பித்தது, ஆப்பிள் பழுப்பதற்குள் முடிந்துபோயிற்று. அது முடிந்த விதத்தை நினைத்தால் எனக்கே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆம்புரோஸ் ஹாட்சுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஹாட்ச் மில்லுக்கு மாவுப் பீப்பாய் செய்கிறவர். உள்நாட்டுப் போருக்குப் போய், முகாமில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, காலில் ஒரு தழும்போடும் மண்டையில் இந்தப் பைத்தியத்தோடும் ஊர் திரும்பியவர். அடிப்பவனுக்குப் பின்னால் குனிந்து நின்று, எறிபவன் எறியும் பந்தை வெறுங்கையால் பிடிப்பது அவர் வேலை. கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கிறவனை அப்போது பெண்பிள்ளை என்று கேலி செய்வார்கள். அதனால் ஹாட்சின் விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தேவாலயத்தில் அவர் கைகூப்பிப் பிரார்த்தனை செய்வதைப் பார்த்தால் சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

மில் முதலாளி ஃபினியஸ் கார்வர் பணத்தைப் போட்டுக் குழுவைத் தொழில்முறைக் குழுவாக்கினார். பக்கத்து ஊர்க்காரர்கள் செய்துவிட்டார்கள், நாம் மட்டும் இளைத்தவர்களா என்ற வீம்புதான் காரணம். மில்லுக்குப் பின்னாலிருந்த புல்வெளிக்கு வேலி போட்டார், பெண்கள் உட்கார நிழலோடு ஒரு மேடை கட்டினார். குழுவுக்கு 'இன்வின்சிபிள்ஸ்' என்று பெயர் வைத்தார். யாராலும் வெல்ல முடியாதவர்கள் என்று அர்த்தம். அந்தக் கோடை முழுக்கத் தேடினாலும் அவர்களை வெல்லாத குழு ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

ஆனால் ஹாட்சின் கைகளைவிடப் பிரசித்தமானது அவர் வாய். அந்தக் காலத்து ஆட்டத்தில் அம்பயர் தானாக வாய் திறந்து ஒருவனை அவுட் என்று சொல்லக் கூடாது. ஓடுகிறவனை நட்டநடு மைதானத்தில் பந்தால் தொட்டுவிட்டாலும் சரி, களத்தில் நிற்கும் ஒருவன் திரும்பி, "தீர்ப்பு, அம்பயர்!" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் பதில். கேட்காமல் சொன்ன தீர்ப்பு செல்லாது. இன்னொருவன் ஓடிவந்து ஓட்டம் எடுத்துவிட்டால் அதன் பிறகு பழசைக் கிளறவும் முடியாது. கனவான்கள் பொழுதுபோக்குக்காக ஆடிய நாளில் எழுதிய சட்டம் அது. ஒருவருக்கொருவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தபடி ஆடியவர்களுக்கு அது சரி. வயிற்றுப்பாட்டுக்கு ஆடுகிறவர்களுக்கு அது பெரிய வம்பு.

ஹாட்ச் எல்லாவற்றுக்கும் கேட்பார். அவுட் என்றால் கேட்பார், அவுட் மாதிரி இருந்தாலும் கேட்பார், புழுதி பறந்தாலே கேட்பார். கால்வாயில் படகு இழுக்கும் கோவேறு கழுதைகள்கூட அந்தக் குரலுக்கு நின்றுவிடும் என்பார்கள். ஊரில் அவருக்குப் பெயரே 'தீர்ப்பு' ஹாட்ச். மற்றவர்களுக்கு இது வசதியாகிப் போயிற்று. எறிபவனும் கேப்டனுமான மைல்ஸ் டோனகன் ஓர் ஐரிஷ்காரன், அலட்சியத்துக்குப் பெயர் போனவன். ஒரு தடவை ஹாட்ச் அவனிடம் சண்டைக்கே போய்விட்டார்.

"ஏன்டா, பந்தை வாங்கித் தொட்டது நீ. கேக்கறது மட்டும் நானா? உங்க ஒருத்தனுக்கும் வாய் கெடையாதா?"

"அட விடு ஹாட்ச், ஒனக்குத்தான் ஆண்டவன் தொண்டைய அப்படிக் குடுத்திருக்கான். நாங்க வேற எதுக்குக் கத்தி உசுர விடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹாட்சும் சிரித்துவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது என்று நான் நினைக்கிறேன். அன்றைக்குச் சிரிக்காமல் நாலு பேரைக் காதைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டும்.

ஜூனில் குழு நியூயார்க்குக்குப் போய் 'அட்மிரல்ஸ்' என்ற பெரிய குழுவோடு ஆடிவிட்டு வந்தது. வழக்கம்போலத் தோல்விதான், ஆனால் மயிரிழையில் தோல்வி. ஹாட்ச் கேட்ட கேள்வியால் மட்டுமே அட்மிரல்ஸ் ஆட்கள் இரண்டு பேர், மூன்று தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் முடிக்கத் தொட வேண்டிய தகட்டருகே, அவுட் ஆனார்கள். அவர்களுடைய கேப்டன் ஹாரிஸ் வெப்ளி, மெழுகு தடவிய மீசைக்காரன், ஆட்டம் முடிந்ததும் ஹாட்சை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு எந்தப் பெரிய குழுவும் வரவில்லை. வருகிறேன் என்பார்கள், பிறகு தந்தி வரும்: கேப்டனுக்குக் காய்ச்சல், ரயில் வசதி இல்லை, மன்னிக்கவும். நாங்கள் செலவழித்து அவர்கள் ஊருக்குப் போக வேண்டும், அவர்கள் மட்டும் இங்கே வரமாட்டார்கள். ஆட்டம் இல்லாத மைதானத்தில் ஆடுகள் மேய்ந்தன. கார்வரின் வீம்பு மெல்ல இறங்கிப்போயிற்று. ஆகஸ்டில் அட்மிரல்ஸ் மட்டும் சிகாகோ போகிற வழியில் இறங்கி ஆட ஒப்புக்கொண்டதும், அவர் ஆட்களை மில் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பாருங்கப்பா, நான் அனாதை விடுதி நடத்தல. இந்த ஆட்டத்துல ஜெயிச்சா ஊர் ஊரா நம்ம பேர் அடிபடும், மத்தவனுங்களும் தானா வருவானுங்க. அடுத்த வருஷமும் டீம் உண்டு. தோத்தீங்கன்னா இந்த எடத்துல கோதுமைக் கெடங்கு கட்டப் போறேன். ஆஸ்திரேலியாவுக்கே கப்பல்ல மாவு போகுது, நான் இங்க ஆட்டுக்குப் புல்லு வளத்துக்கிட்டு இருக்கேன்."

ஹாட்ச் கணக்குப் போட்டுப் பார்த்தார். மற்றவர்கள் இளவட்டங்கள், வேறு ஊர்க் குழுவில் சேர்ந்துகொள்வார்கள். டோனகனுக்கு இப்போதே இரண்டு ஊரிலிருந்து ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். ஹாட்சுக்கு வயது ஏறிவிட்டது, விரல்கள் வளைந்துவிட்டன, மனைவியும் வீடும் வென்டலில் இருக்கின்றன. இந்தக் குழு போனால் அவருக்கு ஆட்டமே போயிற்று. பிறகு சாகிறவரை பீப்பாய்தான்.

அந்த வாரமே பயிற்சியில் மட்டையில் உரசி வந்த பந்து அவருடைய கட்டைவிரலை முறித்தது. எலும்பு வெளியே தெரிந்தது. மனைவி லவீனியா துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே பேசினாள். கோபம் வந்தால் அவள் கணவரை 'மிஸ்டர் ஹாட்ச்' என்பாள்.

"இந்தக் கையோட பீப்பா எப்படிச் செய்வீங்க மிஸ்டர் ஹாட்ச்? ஒங்க டீம் வந்து எனக்கு வெறகு வெட்டித் தருமா?"

"அதைவிடு லவீனியா. சனிக்கிழம யார் பிடிப்பான்? ஓட்டோவா? அந்தப் பய பந்து வந்தா கண்ண மூடிக்குவான்."

"ஒங்களுக்குக் கட்டைவிரல் போச்சு. இன்னும் ஓட்டோ கண்ணப் பத்திக் கவலப்படுறீங்களே!"

ஓட்டோ கிரேப் ரொட்டிக்கடை வைத்திருந்த ஜெர்மன்காரரின் மகன். நல்ல பையன். வலது கோடியில், பந்து அதிகம் வராத இடத்தில், புல்லைப் பார்த்தபடி நிற்பவன். வேறு ஆள் இல்லாததால் அவன்தான் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை ஊரே மைதானத்தில் இருந்தது. பேண்டு வாத்தியம், எலுமிச்சைச் சாறு, வேர்க்கடலை, வேலிமேல் ஏறி உட்கார்ந்தவர்கள். அம்பயர் மட்டும் இல்லை. அம்பயருக்கு அப்போது சம்பளம் கிடையாது. இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்ட ஒரு மரியாதைக்காரர் வந்து நிற்பார், அவ்வளவுதான். பக்கத்து ஊர்ப் பல்வைத்தியர் வருவதாக இருந்தது. அவருக்கே பல்வலி என்று ஆள் வந்து சொல்லிவிட்டான். யாரைப் போடலாம் என்று டோனகன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, வெப்ளி மீசையைத் தடவியபடி ஓரப் பெஞ்சைக் காட்டினான்.

"அதோ, கையில கட்டோட ஒக்காந்திருக்காரே, அவர் போதும்."

டோனகனுக்கு நம்ப முடியவில்லை. "ஹாட்சா? அவன் எங்க ஆளுய்யா!"

"தெரியும். நேர்மையான மனுஷன்னு எங்க ஊர்லயே பேச்சு. எனக்கு ஆட்சேபண இல்ல."

மைதானம் முழுக்கச் சேதி பரவியது. நம்ம ஆளே அம்பயர்! சனங்கள் தொப்பியை எறிந்து பிடித்தார்கள். கார்வர் தன்னுடைய உயரத் தொப்பியைக் கழற்றி ஹாட்சின் தலையில் வைத்தார். அம்பயர் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். ஹாட்சுக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. நியூயார்க்கின் பெரிய கேப்டன் தன்னை நம்புகிறான், அந்த நம்பிக்கைக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டார். அப்பாவி மனுஷன்.

இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கசக்கிறது: இன்வின்சிபிள்ஸ் அன்றைக்கு ஆடிய மாதிரி அதற்கு முன் ஆடியதே இல்லை. டோனகனின் கையிலிருந்து பந்து பிசகில்லாமல் போனது. ஓட்டோகூடக் கண்ணைத் திறந்துகொண்டுதான் பிடித்தான். கடைசிச் சுற்று வந்தபோது நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். மட்டை அட்மிரல்ஸ் கையில். அவர்களில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருவன் போனால் ஆட்டம் எங்களுக்கு. ஆனால் மூன்றாம் தளத்தில் ஒருவனும் இரண்டாம் தளத்தில் ஒருவனும் காத்திருந்தார்கள்.

அடித்தான். பந்து இடது பக்கம் தரையில் குதித்து ஓடியது. மூன்றாம் தளத்திலிருந்தவன் தலைதெறிக்க ஓடிவந்தான். இடது பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் பந்தைப் பொறுக்கி எறிந்தான். அப்படியோர் எறியை நான் பிறகு பார்த்ததில்லை. நேராக ஓட்டோவின் கைக்கு வந்தது. தகட்டைத் தொட ஓடிவந்தவனுக்கு இன்னும் ஓர் ஆள் நீளம் பாக்கி. ஓட்டோ குனிந்து அவன் தோளில் பந்தை வைத்தான். வைத்த சத்தம் ஹாட்சுக்குக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் நின்றார்.

அவுட். வேலிமேல் இருந்தவனுக்குத் தெரிந்தது, எலுமிச்சைச் சாறு விற்கிறவனுக்குத் தெரிந்தது. ஊர் கத்திய கத்தலில் பேண்டுக்காரர்கள் தாங்களாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். டோனகன் முழங்காலிட்டுச் சிலுவைக்குறி போட்டான். ஓட்டோ பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான். ஜெயித்தவர்களுக்குத்தான் அந்தப் பந்து, தங்க வர்ணம் பூசி அலமாரியில் வைப்பார்கள். நாலைந்து பேர் அவனைத் தோளில் தூக்கினார்கள்.

ஒருவரும் கேட்கவில்லை.

ஹாட்ச் முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு சிரிப்பு நின்றது. இதோ டோனகன் திரும்புவான், இதோ ஓட்டோ திரும்புவான் என்று முகம் முகமாகப் பார்த்தார். யாராவது கேளுங்களேன்டா. இரண்டே வார்த்தை. தோற்ற ஆட்டங்களிலெல்லாம் தான் தொண்டை கிழியக் கேட்ட இரண்டு வார்த்தை. அவர் நாக்கின் நுனியில் 'அவுட்' உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெப்ளி வந்து நின்றுகொண்டான். அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஹாட்சின் வாயையே பார்த்தான். பார்த்துக்கொண்டே தன் ஆட்களுக்கு இடது கையை லேசாக அசைத்தான்.

ஓட்டோ தொட்டதில் கீழே விழுந்து கிடந்தவன் எழுந்து, கால்சட்டைப் புழுதியைத் தட்டி, தகட்டைத் தொட்டான். இரண்டாம் தளத்திலிருந்தவன் கூட்டத்தில் புகுந்து, "கொஞ்சம் வழி விடுங்க அம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்து தகட்டைத் தொட்டான். பந்தை அடித்தவனும் எல்லாத் தளத்தையும் சுற்றி நிதானமாக வந்து தொட்டான். எங்கள் சனங்கள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நல்லா ஆடினீங்கப்பா, வருத்தப்படாதீங்க என்று ஆறுதல் வேறு.

"அம்பயர்," என்றான் வெப்ளி. "ஆட்டம் முடிஞ்சுதா, நடக்குதா?"

ஹாட்ச் தகட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நடக்குது."

"யாராச்சும் தீர்ப்பு கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப எத்தன ஓட்டம்?"

"மூணு," என்றார் ஹாட்ச். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, கார்வரின் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தார்.

சேதி புரிய ஊருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நடந்ததை எழுதினால் என் ஊருக்குத்தான் அவமானம். கூட்டத்தைக் கயிறு கட்டி விலக்கினார்கள், ஓட்டோவைத் தோளிலிருந்து இறக்கினார்கள், இன்னும் ஓர் அவுட் பாக்கி என்று ஆட்டம் தொடர்ந்தது. அடுத்து வந்தவன் அக்கறையில்லாமல் தட்டிவிட்டு ஓடினான். அவனை முதல் தளத்தில் அவுட் ஆக்கினார்கள். அப்போது ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள் பாருங்கள், "தீர்ப்பு, அம்பயர்!" என்று! கழுத்து நரம்பெல்லாம் புடைக்க. எனக்கு அவர்களை மட்டையால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அவுட்," என்றார் ஹாட்ச். ஆட்டம் முடிந்தது, இரண்டு ஓட்டத்தில் தோற்றோம்.

ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் கூடாரத்துக்குள் டோனகன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"நீயெல்லாம் நம்ம ஊர்க்காரனா? சும்மா ஒரு இருமல் இருமியிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேனா?"

"இருமினேன்டா! ரெண்டு தடவ இருமினேன்! பேண்டு சத்தத்துல எவன் காதுல விழுந்துச்சு?"

பெரிய நியாயஸ்தர் இருமியிருக்கிறார்! இதை அவர் சொன்னபோது ஒருவராவது சிரித்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. ஓட்டோ ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், எழுந்து ஹாட்சைப் பார்க்காமலே வெளியே போனான்.

வெப்ளி பந்தை வாங்கிப் போக வந்தான். போகும்போது ஹாட்சின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நல்லா அம்பயர் பண்ணினீங்க. மனசுல வச்சுக்காதீங்க. ஜூன்ல ஒங்க வாயால ரெண்டு ஆள எழந்தேன். ஒங்க டீம்ல கேக்கத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். பெஞ்சுல ஒக்கார வச்சாலும் அங்கேருந்து கத்திச் சொல்லிக் குடுப்பீங்க. ஒங்க வாயக் கட்ட எனக்கு வேற வழி தெரியல."

அந்தப் பாராட்டுக்கு ஹாட்ச் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. பிறகு பல வருடம் பட்டறையில் தனியாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் ஊருக்கெல்லாம் தெரியும்.

கார்வர் சொன்ன சொல் தவறவில்லை. பனி விழுமுன் வேலி பிரிக்கப்பட்டது, கிடங்கு எழுந்தது. டோனகன் வேறு ஊர்க் குழுவுக்குப் போனான். ஹாட்ச் அந்தக் கிடங்குக்கே பீப்பாய் செய்தார். கட்டைவிரல் கோணலாகக் கூடியது. சவரக்கடையில் உட்கார்ந்தால், "தீர்ப்பு, அம்பயர்! மீச வைக்கலாமா, எடுக்கலாமா?" என்று எவனாவது ஆரம்பிப்பான். ஊர் பூராவும் அவரைச் சீண்டக் கேட்டது. உண்மையாகக் கேட்க ஒரு நாதி இல்லை. ஓட்டோ அப்பனின் ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டு தெருவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். ஹாட்ச் தெருவில் வந்தால் அவன் உள்ளே போய்விடுவான். லவீனியாதான் ரொட்டி வாங்குவாள். ரொட்டியில் உப்பு இல்லை என்று ஹாட்ச் தினமும் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

தலை நரைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், செய்தித்தாளில் அவர் ஒரு சேதி படித்தார். இனி பெரிய ஆட்டங்களில் அம்பயர் தானாகவே தீர்ப்பு சொல்லலாமாம், யாரும் கேட்க வேண்டியதில்லையாம். தாளைக் கசக்கி அடுப்பில் போட்டார்.

"இப்ப மாத்துறானுங்க! இப்ப! தோள்ல வச்சான் லவீனியா, என் காதுல விழுந்துச்சு…"

லவீனியாவுக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"போதும் மிஸ்டர் ஹாட்ச். ஒருத்தரும் கேக்கலன்னுதான ஒங்க கொற? நான் கேக்கறேன். தீர்ப்பு, அம்பயர்! அவன் அவுட்டா, இல்லையா?"

ஹாட்ச் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "நீ கேட்டா செல்லாதும்மா. களத்துல நின்னு ஆடினவன்தான் கேக்கணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்துகொண்டு போனாள். திரும்பி வரும்போது ஓட்டோ கிரேப்பின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தொந்தியும் வழுக்கையுமாய், முழங்கை வரை மாவோடு, அவன் சமையலறை நடுவில் நின்றான்.

"கேளு," என்றாள் லவீனியா. "இன்னிக்குக் கேக்கலன்னா இந்த வீட்டுல இனிமே ஒன் ரொட்டி நொழையாது."

ஓட்டோ தரையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"தீர்ப்பு… அம்பயர்."

ஹாட்ச் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அவுட்," என்றார். தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு இத்தனை வருட ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இத அன்னிக்குக் கேட்டிருந்தா ஒன் குடியா முழுகிப் போயிருக்கும்? ஏன்டா கேக்கல? சொல்லு, ஏன் கேக்கல?"

"திரும்பிப் பாத்தேன் ஹாட்ச். சத்தியமாத் திரும்பிப் பாத்தேன்." ஓட்டோவின் கண் கலங்கியது. "நீ நின்னுக்கிட்டு இருந்த. ஹாட்ச் இருக்கான்ல, அவன் கேட்டுக்குவான்னு நெனச்சுட்டேன்."